போடாத பந்துகளின் கணக்கு

போர்டு இல்லாத இடம் சிவசுப்பிரமணியத்துக்குப் பிடிக்காது. அவருடைய பனியன் கம்பெனியில் ஒவ்வொரு தையல் லைன் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைப் போர்டு தொங்கும். மணிக்கு எத்தனை பீஸ் வந்தது, அதில் எத்தனை டேமேஜ் என்று மணி தவறாமல் எழுதிவிட வேண்டும். சம்பளம் கொடுத்து ஒரு பெண்கள் கூடைப்பந்து டீமை அவர் உருவாக்கி லீக்கில் இறக்கியபோதும் கோச் ஜெபராஜிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"லைனுக்குப் போர்டு இருக்குது. டீமுக்குப் போர்டு எங்கீங்க?"

ஜெபராஜ் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "ஆட்டத்தப் பாத்தா தெரியும் சார். போர்டு எதுக்கு?" என்றார்.

"பாத்தாத் தெரியும்னு விட்டிருந்தா நான் இந்நேரம் கம்பெனியவே வித்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, முதலாளி அந்த வேலையைத் தமிழ்மதியின் தலையில் கட்டினார்.

தமிழ்மதி கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். எந்தத் தையலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சும் கையுமாக லைன் லைனாக நடப்பது அவள் உத்தியோகம். கூடைப்பந்தை அதுவரை தொட்டதுகூட இல்லை. வீடியோவைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். கூடையைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கோடு. அதற்கு வெளியே நின்று போட்டு விழுந்தால் மூன்று பாயிண்ட். அந்தக் கோட்டோரத்தில் எதிராளியை மறிக்க இவர்கள் டீமில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பூங்குழலி, இருபது வயது. பாய்ந்து பந்தைப் பறிப்பாள், கைதட்டல் எல்லாம் அவளுக்குத்தான். இன்னொருத்தி சேவூர் ரோஸ்மேரி, முப்பத்தொரு வயது. அவள் பறிக்கவும் மாட்டாள், பாயவும் மாட்டாள். எதிராளியின் இடுப்பைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பாள்.

டேமேஜ் எடுக்கிற மாதிரியே தமிழ்மதி கணக்கெடுத்தாள். கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட பந்துகளில் எத்தனை விழுந்தன, அப்போது பக்கத்தில் மறித்து நின்றது யார், அவ்வளவுதான். வீடியோ தெளிவாக இருந்த நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டாள். பூங்குழலியின் முன்னால் போட்டதில் நூற்றுக்கு முப்பது விழுந்திருந்தது. ரோஸ்மேரி முன்னால் நாற்பத்தாறு.

முதலாளி தாளைப் பார்த்தார். "அப்பறம் என்னுங்க? இந்தச் சீசன் முடிஞ்சா ரோஸ்மேரிய பேக்கிங்குக்கு அனுப்பிச்சுருங்க. வேலைய விட்டு எடுக்க வேண்டாம், பாவம்."

சீசனில் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆட்டம். முப்பத்தொரு வயதுக்காரியை வேறு எந்த டீமும் எடுக்காது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தமிழ்மதிக்கும் தெரியும். கணக்கு அப்படி வந்தால் தான் என்ன செய்ய முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து நாலாம் லைனில் ஒரு சின்னத் தகராறு. டேமேஜ் பார்க்கப் புதிதாக வந்த செக்கர் பெண், பனியனுக்குக் கழுத்துப் பட்டி தைக்கிற மருதாளின் பெயரைச் சுற்றிப் போர்டில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தாள். லைனிலேயே அதிக டேமேஜ் அவளுடையதாம். மருதாள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"செரி கண்ணு. நாளைக்கு நான் சைடு அடிக்கறேன், கழுத்த நீ வெச்சுக் குடு. வட்டத்த நானே வந்து போடறேன்."

லைனே சிரித்தது. தமிழ்மதி வந்து வட்டத்தை அழித்தாள். "கழுத்தையும் சைடையும் ஒரே வரிசைல எழுதக் கூடாதுங்க. கழுத்துதான் இழுத்துக்கற வேலை. கை நிக்கறவங்ககிட்டத்தான் சூப்பர்வைசர் அதக் குடுப்பாரு. டேமேஜ் அங்கதான் சாஸ்தி வரும். கழுத்தக் கழுத்தோடதான் பாக்கணும்" என்று, புதிதாக வருகிற எல்லா செக்கருக்கும் சொல்கிறதை இவளுக்கும் சொன்னாள். சொல்லி முடித்ததும் ரோஸ்மேரியின் நாற்பத்தாறு அவளுக்கு நினைவு வந்தது. போர்டு துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபராஜைத் தேடிக் கூடைப்பந்து கோர்ட்டுக்கு நடந்தாள்.

"சார், ரோஸக்கா யாரப் புடிக்கணும்னு யாருங்க முடிவு பண்றது?"

"நாந்தாம்மா. அந்த டீம்ல நல்லா போடுதவ யாரோ, அவள ரோஸ்மேரிகிட்ட குடுத்துருவேன். வேற யார்கிட்ட குடுக்க?"

"இத மொதல்லயே ஏன் சார் சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றார் ஜெபராஜ்.

திரும்பவும் வீடியோவில் உட்கார்ந்தாள். இந்த முறை ஒவ்வொரு எதிராளியையும் அவளோடேயே ஒப்பிட்டாள். மற்ற டீம்களோடு ஆடும்போது அவள் எத்தனை தடவை வெளியிலிருந்து போடுகிறாள், ரோஸ்மேரி முன்னால் நிற்கும்போது எத்தனை தடவை? ஆட்டத்துக்கு எட்டு, ஒன்பது போடுகிறவர்கள் ரோஸ்மேரியிடம் மூன்றுக்கு வந்திருந்தார்கள். பந்தே அவர்கள் கைக்குப் போகவில்லை. போனாலும் போட வழியில்லாமல் வேறொருத்திக்குத் தள்ளிவிட்டார்கள். நான்கு ஆட்டத்திலும் சேர்த்துப் பதிமூன்றே பந்துதான் போட்டிருந்தார்கள். ஆறு விழுந்திருந்தது. அதில் இரண்டு வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் நாற்பத்தாறு முப்பத்தொன்றாகியிருக்கும். போட்டது மட்டும்தான் அவள் முதல் கணக்கில் வந்திருந்தது. போடவிடாமல் நின்றதற்கு அதில் இடமே இல்லை.

தமிழ்மதிக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் மணி வாரியாகப் பிரித்துப் பார்க்காமல் எந்தத் தாளையும் அவளால் மூட முடியாது. ஆட்டத்துக்குப் பத்துப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர்; அதன் வாரியாகப் பிரித்தாள். பதிமூன்றில் எட்டு கடைசிக் குவார்ட்டரில் போட்டவை.

சாயங்காலம் கோர்ட் ஓரத்தில் ரோஸ்மேரி முழங்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். பேக்கிங் சேதி அவள் காதுக்கு எப்போதோ போயிருந்தது.

"வா அம்மிணி. அட்டைப்பெட்டி ஒட்ட எனக்குச் சொல்லிக் குடுக்க வந்தியா?"

"தப்பா எடுத்துட்டேனுங்க்கா" என்று தமிழ்மதி தாளை நீட்டினாள். எட்டு எப்படி மூன்றாகியது என்று விரல் வைத்துக் காட்டினாள். ரோஸ்மேரி டேப் சுற்றுவதை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

"இதத்தான் நான் பதினாலு வருசமா பண்ணிட்டு இருக்கறேன். எங்கம்மாகூட ஆட்டம் பாக்க வந்துட்டு, நீ பந்தத் தொடவே இல்லியே ரோசுன்னு சொல்லும்." விரல் தாளில் கீழே இறங்கி நின்றது. "இதென்ன, கடைசி வரி?"

"நாலாவது குவார்ட்டர்ல..."

"தெரியும். கால் வராது. நகரோணும்னு நெனைப்பேன், கால் அங்கயே நிக்கும். கோச்சுக்கே தெரியாது." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அத எழுதாத அம்மிணி. மேல இருக்கறதே போதும்."

தமிழ்மதி தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போவது ரோஸ்மேரியின் பிழைப்பு, அதைக் கெடுத்ததும் தான்தான். ஆனால் அடுத்த வருஷம் கடைசி நிமிஷத்தில் ரோஸ்மேரியை நம்பி நிறுத்தி, கால் வராமல் ஆட்டம் போனால், அப்போது எந்தத் தாளும் அவளைக் காப்பாற்றாது. இரண்டையும் அன்று முழுக்க யோசித்தாள். எந்தப் பக்கமும் முடிவுக்கு வர முடியவில்லை. கடைசி வரி இல்லாத தாள் ஒன்றையும் இருக்கிற தாள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள்.

முதலில் கொடுத்தது வரி இல்லாத தாளைத்தான். கழுத்தும் சைடும் என்று அவள் சொன்ன உடனே முதலாளிக்குப் பிடிபட்டுவிட்டது. "அடடா. கழுத்துக்காரியச் சுத்தியில்ல வட்டம் போட்டுட்டோம்" என்றார். பிறகு, லைன் போர்டு முன்னால் நின்று கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"எந்த மணி நேரத்துல அடி வாங்குது கண்ணு?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தமிழ்மதி இரண்டாவது தாளை எடுத்துக் கொடுத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபராஜ் தாளை எட்டிப் பார்த்தார். "முப்பது நிமிசம் நிப்பாட்டாம ஓட விடுதேன்லா. தப்பு என்மேலயும் இருக்கு" என்றார். "சார், ரெண்டாவது குவார்ட்டர் அவள உக்கார வச்சிப் பாக்கேன். பூங்குழலி நிக்கட்டும்."

"கடைசி மேட்ச்சப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்து தமிழ்மதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது குவார்ட்டரில் ரோஸ்மேரி பெஞ்சில் இருந்தாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தமிழ்மதி பக்கமே திரும்பவில்லை. பூங்குழலி ஒரு பந்தைப் பறித்தாள், கூட்டம் எழுந்து நின்றது. அடுத்தடுத்து எதிர் டீம்காரி ஒருத்தி அவளைத் தாண்டி நான்கு தடவை போட்டாள்.

கடைசிக் குவார்ட்டரில் அதே பெண்ணின் முன்னால் ரோஸ்மேரி வந்து நின்றாள். பந்து இடப்பக்கம் அந்தப் பெண்ணுக்கு வந்தது, போட வழியில்லாமல் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, திரும்பிப் போனது. இரண்டே தடவை அந்தப் பெண் போட்டாள். இரண்டும் விழுந்தது. ரோஸ்மேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடையையே பார்த்தாள்.

போட்டது இரண்டு, விழுந்தது இரண்டு, நூற்றுக்கு நூறு. தமிழ்மதி அதைக் குறித்துக்கொண்டாள். முதலாளி அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"எத்தன போட்டா?"

"ரெண்டுங்க."

"ரெண்டே ரெண்டுதானா?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்டத்தை நான்கு பாயிண்டில் தோற்றார்கள். முதலாளி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஜெபராஜைப் பார்த்து, "ரோஸ்மேரிக்கு டீம்ல அடுத்த வருசம் எடம் போட்டுருங்க. ஒரு வருசத்துக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோஸ்மேரி ஐஸ் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சேதி அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. தமிழ்மதி ஒரு படி தள்ளியே நின்றாள்.

"கோபமாங்க்கா?"

"ஆமா. எழுதாதன்னு சொன்னேன்."

ரோஸ்மேரி ஐஸ் பையை மறுபக்கம் மாற்றினாள்.

"ரெண்டாவதா ஒண்ணு போட்டாளே. என்ற கை அவ மூஞ்சிக்கு நேராத்தான இருந்துச்சு?"

"நேராத்தான் இருந்துச்சுக்கா. நான் பாத்தேன்."

"பின்ன எப்படி விழுந்துச்சு?"

"தெரியலீங்க்கா" என்றாள் தமிழ்மதி.

ரோஸ்மேரி படியில் நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் விட்டாள்.