கைதட்டலை முதலில் எடுத்துவிட்டார்கள்

1
மும்பை லால்பாகில் நாங்கள் குடியிருக்கும் சாலின், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள பழைய கட்டடத்தின், கீழே சோபானின் டீக்கடை. இந்தக் கதை அங்கே கிடைத்தது. அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். அந்தப் பாதியை எழுதுகிறேன்.

‘ஒளி வெள்ளத்தில் மிதந்தது அந்த மாபெரும்...’

(வேண்டாம். சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

2
மாடியில் இருக்கும் பிகாஜி கதம் பழைய மில் ஆள். டிவி நடனப் போட்டி என்றாலே எரிந்து விழுவார். “அழுறவன், சிரிக்கிறவன் எல்லாம் கூலிக்கு வந்தவன்டா” என்று சால் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மனைவி இந்துமதிக்கோ அந்த அரங்கில் ஒருநாளாவது உட்கார வேண்டும். இறுதிச் சுற்றுக்கு பாஸ் கிடைத்தது. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கவே பிகாஜியும் கோரேகாவ் ஸ்டுடியோவுக்குப் போனார்.

பிடித்தும் விட்டார். மேடையில் ஒரு ஈகூட இல்லை. ஹெட்போன் மாட்டிய ஒருவன் கத்தினான்: “எல்லாரும் கைதட்டுங்க! இப்பவே எடுத்து வச்சுக்கறோம்!”

“ஆடுறதுக்கு முன்னாடியேவா?”

“ஆஜோபா, தாத்தா, தட்டுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் கடைசி வரிசைக்குப் போங்க.”

இந்துமதி முழங்கையால் இடித்தாள். “அஹோ, எனக்காகத் தட்டுங்களேன். கை தேஞ்சா போயிடும்?”

முறைத்துக்கொண்டே தட்டினார்.

3
(இங்கே அவர் எழுந்து வெளியேறுவதாக எழுதினேன். அடித்துவிட்டேன். ஆள் அசையவில்லை.)

விளக்குகள் அணைந்தன. தரை பிளந்தது! டோல் மேளம் அடித்தபடி ஒரு படையே கீழேயிருந்து எழும்பி வந்தது. சுவரெல்லாம் கடல். கூரையிலிருந்து நெருப்பு வளையத்தில் ஒரு பெண் சுழன்று இறங்கினாள். அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் விழுந்தது. பிகாஜி நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார்!

“இறங்குங்க, விழுந்துடப்போறீங்க!”

“சும்மா இருடீ! அங்க பாரு, அங்க பாரு!”

4
ஒளிபரப்பன்று நான் ஊரில் இல்லை; மற்றபடி சால் மொத்தமும் அவர் வீட்டில். திரை நிறைய பிகாஜி; வாயில் விரல், கண்ணில் நீர்.

“என்னமா நடிக்கிறாரு! ஆஜோபா, கூலி எவ்ளோ?” என்றான் சோபான். வீடே சிரித்தது.

இந்துமதி சிரிக்கவில்லை. “நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு எம் பக்கத்துல நின்னு குதிச்சது நடிப்பா?”

நடிப்பு என்றால் அவர் மானம் தப்பும், அவளுடைய அந்த ஒருநாள் போய்விடும். நிஜம் என்றால் இத்தனை வருஷம் பேசிய பேச்சு...

அந்த நேரம் பார்த்து, அடுப்பில் பால் பொங்குமென்று சோபான் கீழே ஓடிவிட்டான், மடையன். நானாக ஒரு பதிலைப் போட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே நம்ப மாட்டேன். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவன் திரும்பி வந்தபோது பிகாஜி டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாராம்.