முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன புருஷன் அய்யாவு உயிரோடு வந்தால் முனியாண்டிக்குச் சேவல் அறுப்பதாகப் பிச்சையம்மாள் நேர்ந்திருந்தாள். அவன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். ஆனால் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் ஜப்பான்காரன் ஒரு கோழியைக்கூட விட்டுவைக்கவில்லை. நேர்த்திக்கடனுக்குக் களிமண்ணில் சேவல் செய்தாள். சுடும்போது வெடிக்காமலிருக்க வயிற்றைக் குடைந்தாள்.

"அதுக்கும் நம்மள மாதிரி வெறும் வயிறுதானாக்கா?" என்று பக்கத்து வீட்டுக் குணவதி சிரித்தாள்.

கொண்டையை ஒட்டிக் காயவைத்துவிட்டு, பிச்சையம்மாள் விறகு பொறுக்கப் போனாள். திரும்பி வந்தபோது சேவலுக்குத் தலையில்லை. அய்யாவு வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான்.

"கோழி வேகவே இல்லியே, புள்ள."

விறகைப் போட்டுவிட்டு ஓடி, அவன் வாய்க்குள் விரலை விட்டு மண்ணைத் தோண்டினாள். தீனியைப் பிடுங்க வந்தவளென்று நினைத்து அவன் கடித்தான்.