ஒயருக்கு ஒரு உறை

"நீ பார்க்கிற படமெல்லாம் நெட்டை உறிஞ்சினது போக, மிச்சம் மீதிதான் எனக்கு வருது" என்று கத்தினாள் மருமகள்.

"அண்ணி, நான் பார்க்கிறது வைஃபையில. நீங்க மாட்டியிருக்கிறது ஒயரு. உங்க தட்டுல நான் எங்க கை வெச்சேன்?" என்று நாத்தனாரும் விட்டுக்கொடுக்காமல் கத்தினாள்.

ஜன்னல்கள் திறந்தே இருந்ததால், எதிர் மாடியில் துணி உலர்த்த வந்தவர்கள் ஒரே சட்டையை மூன்று தடவை உதறினார்கள்.

விஷயம் இதுதான். மருத்துவமனைகளுக்கு வீட்டிலிருந்தபடியே வீடியோவில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலைக்கு மருமகள் தேர்வாகியிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை பாக்கி. அவளுடைய மேசை மேல் லேப்டாப்பை ஒயரில் மாட்டி, இருநூறு எம்.பி.பி.எஸ்ஸுக்குக் குறையாத இணைய வேகத்தைப் படம் பிடித்து நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. வைஃபை செல்லாது, நோயாளி பேசும்போது பாதியில் அறுந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் வைஃபையில் முந்நூறைத் தாண்டிய வேகம், ஒயரில் மாட்டினால் தொண்ணூற்று நான்கில் நின்றது. ஊர் உலகத்தில் ஒயர்தான் வேகம் என்பார்கள். இந்த வீட்டில் மட்டும் தலைகீழ். மணி இரண்டரை.

கணவனை எதிர்பார்ப்பதில் பயனில்லை. வீட்டில் குரல் உயர்ந்தால் போதும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கோளாறு இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிடும். அன்றும் வந்தது.

"சரி, அஞ்சு நிமிஷம் போனை அணைச்சு வை."

நாத்தனார் அணைத்தாள். அளந்தால் தொண்ணூற்று நான்கு.

"இப்ப பாரு. ஆசை தீரப் பாரு."

நாத்தனார் தன் போனிலும் அம்மா போனிலும் சேர்த்துப் படம் ஓட்டினாள். அதே தொண்ணூற்று நான்கு.

"மன்னிப்பு இப்பவே கேட்கிறீங்களா, இல்ல காப்பி போட்டுக் கொடுத்துட்டா?" என்றாள் நாத்தனார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

மருமகள் காதில் அது ஏறவில்லை. அவளுக்கு உள்ளூரத் தெம்பு வந்திருந்தது. "யாராவது உறிஞ்சினா ஏறும், இறங்கும். இது அசையவே மாட்டேங்குது. வழியில எங்கேயோ அடைப்பு இருக்கு."

வாசலில் செருப்பு அலமாரி மேல் இருந்தது மோடம். அதோடு வந்த முழ நீள ஒயரைத் தேடி எடுத்து, செருப்புகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மாட்டினாள். நானூற்று எழுபது.

ஆக மோடமும் யோக்கியம், லேப்டாப்பும் யோக்கியம். மிச்சமிருந்தது வாசலிலிருந்து அவள் அறை வரை ஓடும் நீள ஒயர் ஒன்றுதான். சங்கடமும் அங்கேதான். மாமியார் தையல்காரி, ஒயர் தரையில் கிடந்தால் அவளுக்குக் கண்ணை உறுத்தும். போன மாதம் சுவரின் நிறத்திலேயே துணி எடுத்து, ரவிக்கை ஓரத்தில் கயிறு வைத்துப் பைப்பிங் தைப்பதைப் போல ஒயரை உள்ளே மடித்து வைத்து, மிஷினிலேயே ஓட்டி உறை போட்டிருந்தாள். அதைப் பார்த்துப் பாராட்டாமல் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் கிடையாது. வர விட்டதும் கிடையாது.

"அத்தை, இந்த உறையைப் பிரிக்கணும்."

உள்ளே மிஷின் சத்தம் நின்றது. "ஏன், துணி வேகத்தைக் குடிச்சிடுச்சாமா?"

"துணி இல்ல, அத்தை. ஊசி."

நாத்தனார் தானாகவே ஓரடி பின்னால் போனாள். அம்மாவின் தையலைக் குறை சொன்ன கடைசி ஆளுக்கு ரவிக்கை இன்னும் தைத்துத் தரப்படவில்லை.

"என் தையல் கோணினதா யாரும் சொன்னதில்லை."

"கோணல, அத்தை. ஒயரை ஒட்டியே போயிருக்கு, அதான் வினை. உள்ள மெல்லிசா எட்டு கம்பி இருக்கு. எட்டும் நல்லா இருந்தாதான் முழு வேகம். ஒண்ணு அறுந்தாக்கூட மிச்சத்துல நாலை வெச்சு ஒப்பேத்தும். அப்ப நூறைத் தாண்டாது."

மாமியார் எழுந்து வந்தாள். தையல் பிரிக்கும் முள்ளால், வேறு யார் கையும் படவிடாமல், தானே பிரித்துக்கொண்டு போனாள். கதவோரத் திருப்பத்தில் முள் நின்றது. ஆறு தையல், வரிசையாக, ஒயரின் தோலுக்குள் புகுந்து வெளியே வந்திருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"தையல் நேராத்தான் இருக்கு."

"ஆமாத்தை."

"ஒயர்தான் வளைஞ்சிருக்கு."

"ஆமாத்தை." மணி மூன்று. வாக்குவாதத்துக்கு ஒதுக்க மருமகளிடம் நேரம் இல்லை.

நாத்தனார் தெருமுனைக் கடைக்கு ஓடினாள். வாங்கி வந்த ஒயர் இரண்டடி குட்டை. மறுபடி ஓடினாள், இந்தத் தடவை கடைக்காரனே அளவு நாடாவோடு கூட வந்துவிட்டான். மூன்றே முக்காலுக்கு, மேசை மேல், நானூற்று அறுபத்தைந்து. படம் பறந்தது.

மருமகள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "காப்பி ஸ்ட்ராங்காவா, லைட்டாவா?"

"ஸ்ட்ராங்கா. மன்னிப்பும் அதே மாதிரி."

வேலை கிடைத்தது. நாத்தனார் அதற்குப் பிறகும் பேட்டரி என்றும் பல்பு என்றும், பிறகு காரணமே இல்லாமலும் அந்தக் கடைக்கு நடையாய் நடந்து, அடுத்த வருடம் கடைக்காரனையே கல்யாணம் செய்துகொண்டாள். வேலைக்கு அமைதியான அறை வேண்டுமென்று மருமகள் இரண்டு தெரு தள்ளித் தனி வீடு பார்த்துப் போனாள். புது ஒயருக்கு மாமியார் உறை தைத்துக் கொடுத்தாள். முழுக்கக் கைத்தையல், அதுவும் துணியை மட்டும் தைத்துவிட்டு, ஒயரைக் கடைசியில் நுழைத்து.

அந்தப் புது வீட்டுக்கு மொட்டை மாடி கிடையாது. கணவன் பாடுதான் திண்டாட்டம்.