மழை பெய்தால் பச்சை

என் மாட்யூல் மழை பெய்தால் ஒழுங்காக வேலை செய்யும். வெயில் அடித்தால் பொய் சொல்லும். அலுவலகமே இதைச் சொல்லிச் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு இணையத்தில் கேட் பாஸ் எடுத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனி வேலை. அந்த சாப்ட்வேரில் பாஸ் போடும் பகுதி, அதாவது மாட்யூல், நான் எழுதியது. ஒவ்வொரு பாஸுக்கும், சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் தாய்ப் புரோசஸ், அந்த ஒரு வேலையை மட்டும் செய்ய ஒரு பிள்ளைப் புரோசஸைக் கிளப்பிவிடும். பிள்ளை வேலையை முடித்ததும் தாய்க்குச் சேதி வர வேண்டும். வெயில் நாளில் பாஸ் என்னவோ வந்துவிடும். திரையில் மட்டும் 'தோல்வி' என்று சிவப்பாக வரும். டிரைவர் மறுபடி அமுக்குவார், இன்னொரு பாஸ் வரும். நாலு பாஸோடு போன ஒரு டிரைவரிடம், மற்ற மூன்று லாரியும் எங்கே என்று கேட்டில் கேட்டிருக்கிறார்கள்.

முதலாளி கிருபாகரன் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏளா ஜெபிஷா, நாளைக்கு லாரிச் சங்கத்துல இருந்து வேதமணி அண்ணாச்சி பாக்க வாரார். அவர் முன்னால செவப்பு வந்துச்சு, மெட்ராஸ்காரன் சாப்ட்வேர வாங்கிப் போட்டுருவேன். நீ பழையபடி போன் எடு."

போன் எடுக்கவா நான் எம்.சி.ஏ. படித்தேன்?

"மழைக்கு ஜெபம் பண்ணுளா," என்றான் பக்கத்து மேசை கிளைட்டன். உப்பு லாரி டிரைவர்களை லோடு ஏற்றக் கூப்பிடும் எஸ்எம்எஸ் மாட்யூல் அவனுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தபோதுதான் உறைத்தது. மழை பெய்தால் உப்பு ஏற்றமாட்டார்கள். உப்பு ஏற்றாவிட்டால் எஸ்எம்எஸ் போகாது. தினமும் காலையில் சர்வரை ஒருமுறை நிறுத்திப் போடுவோம். மழை நாளில் அதற்கப்புறம் கிளைட்டனின் மாட்யூல் கண்ணே திறக்காது.

அவன் எழுதியதைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு எஸ்எம்எஸுக்கும் அவனும் ஒரு பிள்ளையைக் கிளப்புகிறான். முதல் எஸ்எம்எஸ் போகும்போதே, பிள்ளை முடித்த சேதி எதுவும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறான்! அவன் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பு. ஆனால் இரண்டு மாட்யூலும் ஒரே தாய்ப் புரோசஸுக்குள் அல்லவா குடியிருக்கின்றன? என் மாட்யூல் தன் பிள்ளை என்னவாயிற்று என்று கேட்டால், அப்படி ஒரு பிள்ளையே கிடையாது என்று பதில் வருகிறது. அதைத் தோல்வி என்று அது எடுத்துக்கொள்கிறது.

"அத எடுத்தா முடிஞ்ச புரோசஸெல்லாம் அள்ள ஆளில்லாம குவிஞ்சி கெடக்கும்ளா!" என்றான்.

"ஒம் பிள்ளைகள நீ அள்ளு, எம் பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன். எல்லாருக்கும் சேத்து ஏம்லே கதவ அடைக்க?"

முறைத்தான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த உத்தரவை எடுத்துவிட்டு, அவன் மாட்யூல் தன் பிள்ளைகளை மட்டும் அடையாள எண் பார்த்துக் காத்திருந்து வாங்கும்படி மாற்றினோம்.

மறுநாள் காலை சர்வரை நிறுத்திப் போட்ட கையோடு வேதமணி அண்ணாச்சி வந்து உட்காரவும் தூறல் போட்டது. கிருபாகரன் அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். "நல்லகாலம், மழை வந்துட்டு!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உப்பு லோடு நின்றுவிட்டது, எஸ்எம்எஸ் போகாது. இப்போது பச்சை வந்தால் பெருமை மழைக்குத்தான். வெயில் அடித்ததும் மெட்ராஸ்காரன் வந்துவிடுவான்.

அந்நேரம் கிருபாகரன் அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தார். "உப்பு ஏத்த லாரியக் கொண்டுவரணுமாம். எவம்லே எனக்கு அனுப்புனது?"

"நாந்தான் அண்ணாச்சி." கிளைட்டன் எழுந்து நின்றான். "எம் மாட்யூல் முழிச்சிட்டு. இத்தன நாளும் அவ பாஸக் கெடுத்தது இதுதான். இப்பப் போடச் சொல்லுங்க."

வேதமணி அண்ணாச்சி தம் லாரி எண்ணைச் சொன்னார். எண்ணைத் தட்டி அமுக்கினேன். ஒரே பாஸ். பச்சை.

கிருபாகரன் அண்ணாச்சி போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மழையையும் பார்த்தார். "மெட்ராஸ்காரனுக்குப் போனப் போட்டு வர வேண்டாம்னு சொல்லிருளா," என்றார்.

அந்த அலுவலகத்தில் நான் ஆசை ஆசையாகப் பேசிய ஒரே போன் அதுதான்.