ஐந்து இருபது வெயில்

வெற்றிச்செல்வி மோட்டாரை நிறுத்தினாள்.

கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்த உண்ணாமலையின் கையில் குழாய் இருமி ஓய்ந்தது.

"கரண்டு போயிடுச்சா?"

"நான்தான் அத்தை நிறுத்துனேன். தண்ணி கொல்லைக்குப் போவுது."

"போவாம? பொணம் கெடந்த வூடுடி."

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அரை மணி நேரமாகியிருந்தது. அம்மா போய் எட்டு வருடம். மற்ற பெண்கள் குளிக்க ஏரிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

கொல்லையில், தென்னைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, அப்பாவின் போர்க்களம் இருந்தது. மூன்று வாரமாகக் கட்டியது. ஆண்டிமடத்திலிருந்து மூட்டையில் வந்த செம்மண்ணில் பதுங்குகுழிகள். முந்திரிக் குச்சி நட்டுக் கம்பி சுற்றிய வேலி. விரல் உயரத்தில் நாற்பத்தொரு சிப்பாய்கள். அரியலூர் சுரங்கத்தில் லாரிகளுக்கு எடை போடுவது அப்பா இளையபெருமாளின் வேலை. வீட்டுக்கு வந்தால் பொம்மைகளை நிறுத்தி, நிஜச் சண்டை போலப் படம் எடுப்பார். எந்த நாட்டில் எடுத்தது என்று கேட்டவர்கள் உண்டு.

நோட்டில் இந்தப் படத்துக்கான குறிப்பு அவர் கையெழுத்தில் இருந்தது. 'மாலை 5.20. கிழக்கே படுத்து. புகை இடப்பக்கம்.'

நேற்று ஐந்து மணிக்கு, வெயில் இறங்கட்டும் என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்தார்.

காலையில் குளிப்பாட்டக் கொல்லைக்குத் தூக்க வந்தவர்களை வெற்றிச்செல்வி வாசலுக்குத் திருப்பினாள். பாடை கட்ட மூங்கிலோடு வந்தவர்களையும்.

"இன்னும் அரை மணி நேரம் அத்தை. அப்புறம் நானே கழுவுறேன்."

"அறிவரசன் கொள்ளி வச்சிட்டு வந்து வெளக்கப் பாக்கணும். கழுவாத வூட்டுல எப்புடி ஏத்துறது?"

"தம்பி ஆறு மணிக்கு முன்ன வரமாட்டான்."

"சாவு வூட்டுல போட்டோ புடிச்சாளாம். ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்."

"என் கூடப் பொறந்தவனும் இப்புடித்தான் சொல்லுவான். அம்பத்தெட்டு வயசுல பொம்ம வெளையாட்டு."

வெற்றிச்செல்வி கேமராவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கூடத்துத் தண்ணீர் நடைவாசல் வரை வந்து நின்றிருந்தது. கோணிச்சாக்கைச் சுருட்டி அதன் முன் போட்டாள். கட்டியிருந்த சேலையோடு மண்ணில் குப்புறப் படுத்தாள்.

கேமரா வழியே பார்த்தபோது துவைக்கிற கல் இல்லை. தென்னை இல்லை. ஆட்கள் இருந்தார்கள்.

ஒருவன் விழுந்து கிடந்தான். அப்பா படுக்க வைத்தவனா, தானாக விழுந்தவனா, தெரியவில்லை. கையை நீட்டினாள். தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

மணி ஐந்து பதினைந்து. புகை போடுவது எப்போதும் அவள் வேலை. இன்று அவள் கேமராவின் பின்னால் கிடந்தாள்.

பின்னால் கொலுசில்லாத காலடி. உண்ணாமலை சாம்பிராணித் தட்டோடு நின்றாள். அப்பாவின் தலைமாட்டில் இருந்த தட்டு அது. கங்கு இன்னும் இருந்தது.

"எந்தப் பக்கம்?"

"எடப்பக்கம். ஊதாதீங்க, விசிறுங்க."

உண்ணாமலை முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். முந்தானையால் விசிறினாள். சிப்பாய்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இந்தத் தொப்பி இல்லாதவன் பேரு என்னா?"

"பேரெல்லாம் இல்ல அத்தை."

"இத்தன வருசம் வச்சிருந்தான். ஒரு பேரு வைக்கல."

வெயில் தென்னைக்குக் கீழே இறங்கிப் பதுங்குகுழிக்குள் நுழைந்தது. புகை அதில் ஒளிர்ந்தது. நின்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். படுத்திருந்தவன் மட்டும் தெரிந்தான்.

வெற்றிச்செல்வி மூச்சை அடக்கி அழுத்தினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை.

வெயில் போனது.

"போதும் அத்தை."

உண்ணாமலை விசிறிக்கொண்டேயிருந்தாள்.