கிளாரினெட்டின் சிவப்புக் கழுத்து

பூஞ்சேரியில் சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் தனகோடியின் கடைசல் பட்டறை இருந்தது. கட்டில் கால், தொட்டில் குமிழ், எதைக் கேட்டாலும் கடைந்து கொடுப்பான். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஏதோ காரணத்தால் தள்ளிப்போய், கடைசியில் பேச்சே நின்றுவிட்டது. நாளெல்லாம் இயந்திரத்தின் உறுமலுக்குள் இருப்பான்; அதை நிறுத்தியதும் தூரத்துக் கடல் காதுக்குள் வந்து உட்காரும். அவனுக்கு வேறு பேச்சுத்துணை இல்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் துர்காதேவி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். செங்கல்பட்டில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவள். புருஷனை இழந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெட்டியைத் திறந்து, வாயில் வைத்து ஊதும் பகுதிக்கு அடியில் பொருந்துகிற விரல் நீளத் துண்டை எடுத்துக் காட்டினாள். கறுத்த மரத்தில் மேலிருந்து கீழாக மயிரிழை போல் ஒரு விரிசல்.

"படாளத்துல ஒரு கல்யாணம். வேன்லயே வெச்சிட்டு சாப்புடப் போய்ட்டேன். வெயில்ல பொளந்துக்கிச்சு. பசை போட்டா நிக்கல, ஊத ஊதக் காத்து போவுது."

"இந்த மாதிரி நான் செஞ்சதில்லையே."

"தொட்டில் குமிழு செய்றீங்க இல்ல? அதுல ஒரு ஓட்டை போட்டா இதுதான் மேஸ்திரி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் வேம்பில் கடைந்தான். ஊதின ஈரத்தில் மரம் உப்பி, மூட்டில் சிக்கிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அவள் மரத்தூள் குவியலில் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது துண்டில் துளை ஒரு நூல் பெரிதாகிவிட்டது. ஊதினால் வாத்து கத்தியது.

"இதைக் கேட்டா மாப்ள ஓடிப்பூடுவான்," என்றாள்.

கல்யாணங்களில் இரவல் வாத்தியத்தை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு, வேலை இல்லாத நாட்களில் வருவாள். துண்டைப் பொருத்தியதும் கீழ்ஸ்தாயியில் ஒரே ஒரு சுரத்தை நீளமாகப் பிடிப்பாள். அதற்காக அவன் இயந்திரத்தை நிறுத்துவான். அவள் போன பிறகும் அந்தச் சுரம் போகாது. சாப்பிடும்போதும் இருக்கும். தூக்கத்தில், பட்டறைக்குப் பின்னால் இருந்த உப்பங்கழியின் மேல் மெல்ல நடந்து வரும். ஒருநாள் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவன், இயந்திரத்தின் உறுமலுக்கடியில் அது கேட்கிறது என்று நினைத்து உளியை எடுத்துவிட்டு வாசல்வரை போய்ப் பார்த்தான். வெயிலில் சவுக்கு நிழல்தான் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது துண்டுக்கு, மூலையில் கிடந்த பழைய ஈட்டி மரக் கட்டில் காலை அறுத்தான். எத்தனையோ வருஷம் காய்ந்த மரம். துளையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடைந்து அவளிடம் நீட்டுவான். அவள் ஊதிப் பார்த்து, "இன்னும் துளியோண்டு," என்று திருப்பித் தருவாள். சாயங்காலம்வரை அப்படியே போயிற்று. கடைசியில் பழைய துண்டின் வெள்ளிப் பூண்களைக் கழற்றிப் புதியதன் இரு முனையிலும் ஏற்றினான். கறுப்பு வாத்தியத்துக்குச் சிவப்பாக ஒரு கழுத்து முளைத்தது.

அவள் ஊதினாள். பட்டறை கரைந்துபோனது. சவுக்குத் தோப்பு எங்கோ தள்ளி நின்று தலையசைத்தது. கழியில் நின்ற கொக்குகள்கூட அசையாமல் கேட்பதுபோல் பட்டது அவனுக்கு. தான் கடைந்த துளை வழியாக ஒருத்தியின் மூச்சு போய்வருகிறது என்ற நினைப்பில் உடம்பு சிலிர்த்தது.

"அவ்ளோதான், முடிஞ்சிபோச்சி," என்றான் மெதுவாக.

"எங்க முடிஞ்சிது? புதுசாக் கடஞ்ச துண்டு. ஒரேயடியா ஊதுனா இதுவும் விரிசல் வுட்டுடும். தெனம் கொஞ்ச நேரம் ஊதித் தொடச்சிக் காயவெக்கணும். ஒரு மாசம் இப்படித்தான்."

"வூட்ல ஊத வேண்டியதுதானே?"

"இங்க கடக்காத்து கீது. மரத்துக்கு நல்லது," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் ஜன்னலோரத்தில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவைத்தான்.

மாதம் ஓடிப்போனது. மரம் பழகி, சிவப்பு இன்னும் ஆழ்ந்து பளபளத்தது. கடைசி நாள் அவள் பெட்டியை மூடும்போது அவன் கேட்டான்:

"இனிமே வர்றதுக்கு இன்னா சாக்கு சொல்வீங்க?"

"நீங்கதான் ஒண்ணு கண்டுபிடிங்களேன்."

மரத்தூள் படிந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "கல்யாணம் பண்ணிக்கலாமா?" தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

அவள் பெட்டியின் கொக்கியை மாட்டினாள். பிறகு, "ஆடியில வெச்சிக்கலாம்," என்றாள்.

"ஆடியில யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?"

"பண்ண மாட்டாங்க இல்ல? அப்பதான் எங்க செட்டு ஆளுங்க அத்தனை பேரும் சும்மா இருப்பாங்க."

சொந்தக்காரர்கள் ஆயிரம் சொன்னார்கள். ஆடியில்தான் கல்யாணம் நடந்தது. செட்டு ஆட்கள் சீருடை போடாமல் புதுச் சட்டையில் வந்து, வாசிக்காமல் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள்.