வட்டம் கலைந்த கண்மணி

அன்று மூன்றாவது பாடவேளையில் வகுப்பு என்றைக்கும் இல்லாத அமைதியாக இருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஓயாத தொண்டை வலி. இப்படி ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் விடுவாளா? பெருக்கல் கணக்குகளை எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

சாய்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. ரேடியோ பேசவில்லை.

ஜன்னலோர இரண்டாம் பெஞ்சில் உட்காரும் எட்டு வயதுக் குழந்தைக்கு வகுப்பே வைத்த பேர் அது. வாயைத் திறந்தால் அணைக்கவே முடியாது. பாடத்தில் பேசுவாள், பரீட்சையில் பேசுவாள், "வாயை மூடு" என்றால் "எவ்வளவு நேரம் டீச்சர்?" என்று கேட்பாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் கரும்பலகையைப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"தூசி டீச்சர்."

"எப்போ விழுந்துச்சு?"

"ரீசஸ் முடிஞ்சு வந்ததும்."

முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. டீச்சர் கைக்குட்டையின் நுனியை முறுக்கிக்கொண்டே குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போனாள். ஊதிவிடலாம், இல்லாவிட்டால் நுனியால் ஒற்றி எடுக்கலாம். வருஷத்துக்கு இருபது தடவை செய்கிற வேலைதான்.

"கையை எடு பாப்போம்."

கண் அப்படியொன்றும் சிவந்திருக்கவில்லை. கொஞ்சம் நீர் கோத்திருந்தது, அவ்வளவுதான். டீச்சர் ஊதுவதற்காக வாயைக் குவித்தாள். குவித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டமாக இல்லை. வலது கண்ணில் மிளகு போல உருண்டையாக இருந்தது. இடது கண்ணில் கீழ்ப்பக்கம் இழுபட்டு, விழப் போகும் சொட்டு மாதிரி நீண்டிருந்தது. அந்தச் சொட்டின் நுனி முடிகிற இடத்தில், கருவிழியின் ஓரத்தில், கடுகளவு பழுப்பாக ஏதோ பிதுங்கி நின்றது.

எல்லாப் பிள்ளைகளையும் "கண்ணு, கண்ணு" என்று கூப்பிடுவது டீச்சரின் வழக்கம். இப்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"தேய்ச்சியாம்மா?"

"இல்ல டீச்சர். வலிச்சுது, அதான் பொத்திக்கிட்டேன்."

"கையைக் கீழ வை. தொடவே கூடாது. கண்ணைச் சும்மா மூடிக்கோ, அழுத்தி மூடாத."

போன வருஷம் கண் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் வந்து ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தாள். டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டு அரைக்காதால் கேட்டிருந்தாள். ரசாயனம் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவணும் என்று சொன்னாள். குத்தினால்? குத்தினால் கழுவக் கூடாது என்றாளா, கழுவச் சொன்னாளா? திருத்திய தாள்களை மனத்துக்குள் சபித்துக்கொண்டே டீச்சர் குழந்தையை ஹெட்மாஸ்டர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி எட்டிப் பார்த்தார். "தூசிதானே? குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாத் தண்ணி அடிங்க. அலமாரில சொட்டு மருந்துகூட இருக்கு."

"வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"தண்ணியும் வேணாம், மருந்தும் வேணாம். குத்தியிருக்கு சார். உள்ள கிழிஞ்சிருக்கு." சொல்லச் சொல்ல நர்ஸின் குரல் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. கழுவாதீங்க, அழுத்தாதீங்க, கண்ணுமேல படாம ஏதாவது மூடி வைங்க. "ஒரு பேப்பர் கப் குடுங்க சார்."

காபி மிஷின் பக்கத்தில் இருந்த அடுக்கிலிருந்து ஒரு புதுக் கப்பை உருவி, அடிப்பாகத்தை மட்டும் கத்தரித்து எடுத்து, விளிம்பு கண்ணைச் சுற்றிய எலும்பில் உட்காரும்படி கண்ணுக்கு மேல் கவிழ்த்து டேப் ஒட்டினாள். டேப் இரண்டு தரம் தன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. தப்பாகச் செய்கிறேனோ? ஒரு அழுத்து அழுத்திவிட்டால் போச்சே?

ஹெட்மாஸ்டர் கார்ச் சாவியை எடுத்தார். எழுத்தர் குழந்தையின் அப்பாவுக்குப் போன் போட்டார். அவர் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர். அம்மா வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் போனை உள்ளே விடமாட்டார்கள். வாசல் காவலாளியிடம் தகவல் சொல்லி வைத்தார்கள்.

காரில் பின்சீட்டில் குழந்தையின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு டீச்சர் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் உயிர் வந்தது.

"டீச்சர், என் பையில பிஸ்கட் இருக்கு. சாப்பிடவா?"

"இப்ப வேணாம்மா. டாக்டர் பாத்த அப்புறம்." மயக்க ஊசி போட வேண்டிவரும் என்பதைச் சொல்லவில்லை. "நிஜத்தைச் சொல்லு. யார் குத்தினா? நான் யாரையும் அடிக்க மாட்டேன்."

"யாரும் குத்தல. அழிரப்பர் கீழ விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சேன். பக்கத்துல உக்கார்றவ பென்சிலை நேரா நிமித்தி வச்சிருந்தா. நான்தான் போய் முட்டிக்கிட்டேன்." பிறகு, "அவ அழுதா டீச்சர். அதான் தூசின்னு சொன்னேன்" என்றாள்.

டீச்சர் தேடியது ஒரு குற்றவாளியை. அடாவடிப் பையன் ஒருவன் இருந்திருந்தால் அவன்மேல் கோபப்பட்டு இந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கலாம். அப்படி யாரும் இல்லை. ஆனால் அன்று காலை மேஜையில் புதிதாகப் பொருத்திய திருகு யந்திரத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பென்சிலையும் அவளேதான் சீவிக் கொடுத்திருந்தாள். "பாருங்க, ஊசி மாதிரி!" என்று பெருமை வேறு.

கண் மருத்துவமனையில் டாக்டரம்மா கப்பை மெல்ல எடுத்துவிட்டு விளக்கை அடித்துப் பார்த்தாள். இமையைத் தொடக்கூட இல்லை. பார்த்து முடித்தவுடன் "தியேட்டர் ரெடி பண்ணுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பிறகு டீச்சரிடம், "கழுவலையே?" என்றாள்.

"இல்ல டாக்டர்."

"சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல."

"நல்லது. இந்த வாரத்துல இது நாலாவது குழந்தை. எல்லாமே பத்து வயசுக்குள்ள. ஒண்ணு அம்பு விளையாட்டு, ஒண்ணு கதவு கொக்கி, ஒண்ணு தம்பியோட நகம். மூணு பேரையும் கழுவித் தேய்ச்சு மறுநாள்தான் கொண்டாந்தாங்க."

"கண்ணு தெரியுமா டாக்டர்?"

"முதல்ல கண்ணைக் காப்பாத்துவோம். பார்வையை அப்புறம் பேசுவோம்."

குழந்தையை உள்ளே தள்ளிக்கொண்டு போன பத்தாவது நிமிடம் வெல்டர் வந்து சேர்ந்தார். மேலெல்லாம் கரி, கழுத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்கிக்கொண்டே இருந்தது, கழற்றக்கூட நேரமில்லை. டீச்சர் எழுந்து நின்றாள். அவர் கத்துவார், கையை ஓங்கினாலும் ஓங்குவார் என்று தயாராக நின்றாள். அவர் கத்தவில்லை.

"நான் நெருப்புல வேலை பாக்கறவன் டீச்சர். எனக்குக் கண்ணாடி குடுத்திருக்காங்க, முகமூடி குடுத்திருக்காங்க. அப்படியும் நாலு தடவ கண்ணுல இரும்புத் தூள் எடுத்திருக்காங்க. அவ பெஞ்சில உக்காந்து எழுதிட்டுத்தானே இருந்தா?"

டீச்சர் மறைக்கவில்லை. பென்சில் சீவிய கதையையும் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தையும் சொன்னாள். முக்கால் மணி நேரம் கவனிக்காததையும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். "கூரா இல்லாம எப்படி எழுதறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்துபோய் எதிர்ச் சுவரோரம் தனியாக உட்கார்ந்துகொண்டார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். அதற்குள் அம்மாவும் மூச்சிரைக்க ஓடி வந்திருந்தாள். கருவிழியில் நாலு தையல். பென்சில் முனை உள்ளே தங்கவில்லை. ஆனால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் கீறல் பட்டிருக்கிறது; அது வெள்ளை பூத்துவிடும், பிறகு அதையும் எடுத்து வேறு லென்ஸ் வைக்க வேண்டும். சீழ் வைக்காமல் இருக்க வேண்டும், முதல் மூன்று நாள் கண்டம்.

அந்த மூன்று நாளும் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. போன் மணி அடித்தால் அதைப் பார்க்கவே பயந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை ஸ்கேலைத் தூக்கினால் இவள் கையைத் தூக்கித் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள். சீழ் வைக்கவில்லை என்று நாலாம் நாள் ஹெட்மாஸ்டர் வந்து சொன்னபோது, அவர் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆறாவது வாரத்தில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. அதன்பின் தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணைப் பஞ்சு ஒட்டி மூடி வைக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் அடிபட்ட கண் சோம்பேறியாகி, பார்க்கவே மறந்துவிடுமாம். குழந்தை அதை ஒட்டும்போதெல்லாம் ரகளை செய்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பார்வை சோதிக்கும் நாள் வந்தது. வெல்டரே போன் செய்து, "நீங்களும் வாங்க டீச்சர்" என்றார்.

நல்ல கண்ணை மூடிவிட்டு டாக்டரம்மா எழுத்துப் பலகையைக் காட்டினாள். குழந்தை மேல்வரியிலிருந்து கடைசி வரிவரை தண்ணீர் பட்ட பாடாய்ப் படபடவென்று ஒப்பித்துவிட்டாள். வெல்டர் துள்ளி எழுந்தார். அம்மா கைகளைக் கூப்பினாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த அட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள்.

"காத்திருக்கும்போது நல்ல கண்ணால பாத்து மனப்பாடம் பண்ணிட்டா. கெட்டிக்காரி. இப்ப படிம்மா."

குழந்தை பேசவில்லை.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெல்டர் மறுபடி உட்காரக்கூட மறந்து, பாதி எழுந்தபடியே நின்றார்.

"ப," என்றாள் குழந்தை. ரொம்ப நேரம் கழித்து, "ம... ட." மூன்றாவது வரிக்குக் கழுத்தை நீட்டினாள். "ல... வ... ச. அடுத்த வரி தெரியல. நிஜமாவே தெரியல டாக்டர்."

"தெரியலைன்னு சொன்னியே, அதுதான் எனக்கு வேணும்," என்றாள் டாக்டரம்மா. "மூணு வரி. கண்ணாடி போட்டா இன்னும் ரெண்டு வரி கிடைக்கும். நல்ல கண்ணு அளவுக்கு வராது. அதை இப்பவே சொல்லிடறேன். ஆனா இருட்டு இல்ல. அந்தக் கப்பை வைக்காம நல்லாத் தேய்ச்சுவிட்டிருந்தா, இந்தக் கண்ணையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

வெல்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். தலையை ஒரு தரம் அசைத்தார்.

வெளியே ஏழெட்டுக் கல்படிகள். இடது கண் மங்கலாக இருப்பதால் படியின் ஆழம் குழந்தைக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதல் படியில் காலை வைக்கும்போது ஒரு கணம் தடுமாறினாள். அப்பா கையைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று உதறிவிட்டு, "நானே இறங்குவேன்" என்றாள். ஒவ்வொரு படிக்கும் பாதத்தால் தடவித் தடவிக் கீழே போனாள். மேலே மூன்று பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் படிவரை பார்த்தபடியே நின்றார்கள்.